பெயர் போடாமல் எழுதிய மாமாவுக்கு

என் அன்பான பேர்னாட் மாமா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆறு வருடம் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருந்தும், விடைபெறும்போது சொல்லும் “போட்டு வாறன்” என்ற ஒன்றைத்தான் பிழையில்லாமல் சொல்லப் பழகினீர்கள். அதையும் வீட்டுக்குள் வரும்போது சொன்னீர்கள். இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் தொடங்கிப் பார்த்தேன். நான் வேலை செய்கிற பார்மஸியில் நின்று ஒருவருக்கு மருந்து விளங்கப்படுத்துகிற மாதிரியே வந்தது.

இன்றைக்கு நீங்கள் போய் இருபத்தாறாம் நாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். எங்கள் ஆட்களின் வழக்கப்படி அன்றைக்குச் சமைத்துப் படைத்து, வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, போகும்போது கையில் ஒரு நினைவு மலரும் கொடுத்து அனுப்ப வேண்டும். முன்னட்டையில் போனவரின் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, குடும்ப விபரம், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். யாழ்ப்பாணத்தில் இதைக் கல்வெட்டு என்று சொல்வோம். காகிதத்தில்தான் அடிப்போம், ஆனாலும் கல்வெட்டு.

ஒரு வெள்ளைக்காரருக்கு இது தேவையா என்று நான் கேட்டேன். அம்மா பரமட்டாவில் என் தம்பி வீட்டிலிருந்து அதற்கென்றே வந்து நிற்கிறா. “என்ன கதை கதைக்கிறாய்? எந்த நாட்டவரெண்டாலும் சம்பந்தி சம்பந்திதான். செய்யாமல் விட்டால் சனம் என்னைத்தான் கேக்கும்” என்றா. உங்களுக்கு என்ன படைப்பது என்று யோசித்து, நீங்கள் தினமும் பாணில் ஊற்றிச் சாப்பிட்ட பீன்ஸ் தகரத்தில் நான்கை வாங்கி வைத்திருக்கிறா. நேற்று என்னிடம், “பிள்ளை, இதைச் சூடாக்கி வைக்கிறதோ, இல்லை தகரத்தோடை வைக்கிறதோ?” என்று கேட்டா. நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சூடாக்கி வையுங்கோ என்றேன்.

இப்படித்தான் இருக்கிறேன், மாமா. பல்லுப் பிடுங்கப் போய் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி. தொடுவது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உங்களைத் தகனம் செய்த அன்றும் வந்தவர்களுக்குக் கடிக்க வைத்த றோல்ஸ் காணுமா என்றுதான் எண்ணிக்கொண்டு நின்றேன். கண்டது, எட்டு மிஞ்சியது.

மலர் அடிப்பவர் குகன் அண்ணை. டண்டினொங்கில் கடை வைத்திருக்கிறார். கலியாண அட்டை, பிறந்தநாள் பதாகை, கல்வெட்டு எல்லாம் ஒரே மெஷினில். அவர் அனுப்பிய முதல் பிரதியைப் பார்த்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். முன்பு யாருக்கோ செய்த பக்கங்களை அப்படியே எடுத்து உங்கள் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். “இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்ண் டண்டினொங்கை வதிவிடமாகவும் கொண்ட திரு. பேர்னாட் அவர்கள்” என்பது வரைக்கும் சரி. அதற்குப் பிறகு நீங்கள் சைவநெறி வழுவாது வாழ்ந்து, ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து, கோயில் தேர்த்திருப்பணிக்குப் பாடுபட்ட பரோபகாரி ஆகிவிட்டீர்கள்.

போன் எடுத்துச் சொன்னேன். குகன் அண்ணைக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. “அது ச்சும்மா இடம் பிடிக்கப் போட்டது தங்கச்சி. உண்மையா அவர் என்ன வேலை செய்தவர் எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. புதனுக்குள்ள வேணும்” என்றார்.

என்ன வேலை செய்தவர்? அங்கேதான் நான் நின்றுபோனேன்.

உங்கள் மகனிடம், அதாவது என் புருஷனிடம், கேட்டேன். நீலும் நீங்களும் ஆங்கிலத்தில்தான் பேசினீர்கள், ஆனால் இரண்டு பேரின் பேச்சும் எனக்கு ஞாபகத்தில் எங்கள் ஊர்த் தமிழிலேயே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். குசினி மேசையில் தலையை நிமிர்த்தாமல், “கிளாக்கா இருந்தவர் எண்டு போடும்” என்றார் நீல். “புத்தகக் கொம்பனியிலை கிளாக். அது பொய்யில்லை. கொமிக்ஸைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.”

பொய்யில்லைதான். பதினேழு வயதில் லண்டனில் அந்தக் கொம்பனிக் கந்தோருக்குள் நீங்கள் குமாஸ்தாவாகப் போனது, வாரச் சித்திரக்கதைப் பத்திரிகைக்குப் பிள்ளைகள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போடத்தான். ஒரு கிழமை ஒரு கதைக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, “உனக்கு எழுத வருமா?” என்று கேட்டிருக்கிறார்கள். வரும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ஓர் உதைபந்தாட்டக் கதையை எழுதிக் கொடுத்தீர்கள். நீங்கள் ஒருநாளும் பந்து உதைத்தவரல்ல. பிறகு போர்க் கதை, பேய்க் கதை, பெண்பிள்ளைகளின் பத்திரிகைக்குப் பாலே நடனக் கதை. முப்பது வருடம் கிழமைக்குக் கிழமை இங்கிலாந்துப் பிள்ளைகள் நீங்கள் எழுதியதை வாசித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்திலும் உங்கள் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் அந்தக் கொம்பனிகள் எழுதியவர் பெயரும் போடுவதில்லை, படம் கீறியவர் பெயரும் போடுவதில்லை. கதையும் அதில் வரும் ஆளும் கொம்பனிக்குச் சொந்தம். இன்றைக்கு நீங்கள் எழுதுவதை நாளைக்கு இன்னொருவரிடம் கொடுத்தால், வாசிக்கிற பிள்ளைக்கு அது தெரியவே வராது.

இதை நான் இவ்வளவு விளக்கமாக எழுதுவது உங்களுக்காக அல்ல. இந்தக் கடிதத்தை மலரில் வாசிக்கப் போகிறவர்களுக்கு இது விளங்கினால்தான் மிச்சம் விளங்கும்.

அந்தக் கதைகளில் ஒன்றுதான் ஒரு பயந்த பையனின் கதை. அதன் ஆங்கிலத் தலைப்பை நான் எழுதப் போவதில்லை, அதை இந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. தமிழில் சொன்னால் தொடைநடுங்கி. நாய்க்குப் பயம், நகரும் படிக்குப் பயம், பல் வைத்தியருக்குப் பயம், நீச்சல் குளத்துக்குப் பயம். கிழமைக்கு இரண்டு பக்கம். அந்தப் பையன் நீல் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தகப்பன் என்ன வேலை என்று வகுப்பில் கேட்டபோது நீலே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பாவம், எட்டு வயது.

நீல் எனக்கு இதைச் சொன்னது கலியாணத்துக்கு முதல். நான் கிளேட்டனில் படிக்க வந்த காலம். அவர் அங்கே ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். ஏன் இங்கிலாந்தை விட்டு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். குளத்தில் பாயும் பலகையின் நுனியில் நின்று அந்தப் பையன் காற்சட்டையை நனைத்துக்கொள்கிற பக்கத்தை வெட்டி, அவருடைய மேசையில் பசை போட்டு ஒட்டினார்களாம். சுரண்டச் சுரண்டப் போகவில்லையாம். அந்த மேசையில் வருடம் முடியும் வரை இருந்து படித்தாராம். “பெத்த தகப்பன் எழுதினது” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

மாமி போன பிறகு நீங்கள் அங்கே தனியாக விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது, உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது நீல்தான். பின்வளவில் அறை கட்டினார், கைப்பிடி பூட்டினார், கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் பேச்சு? “மருந்து எடுத்தாச்சா?” “பால் இருக்கா?” கடமைக்குப் பேசினார். உங்களோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு என்ன தெரியுமா, மாமா? நீங்கள் போவதற்கு முதல் நாள், வியாழக்கிழமைப் பின்னேரம், “இந்தக் கிழமை பச்சைக் குப்பைப் பின்தான் வெளியாலை வைக்கோணும்.” நீங்கள் “சரி” என்றீர்கள். வெள்ளி காலை நான் வந்து பார்க்கும்போது கேத்தில் கொதித்து நின்றிருந்தது. நீங்கள் கதிரையில் இருந்தீர்கள். பச்சைப் பின் தெருவில் நேராக வைக்கப்பட்டிருந்தது.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மகள் மீராவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். குடும்பத்தில் ஒருவரின் தொழிலைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். அவள் துள்ளிக்கொண்டு உங்களிடம் வந்தாள். நீல் மறித்து, “வேறை ஆரையாவது பிடி” என்றார். பாவம் பிள்ளை, என்னிடம் பார்மஸியைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். அடுத்த நாள் உங்களைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். கிளேட்டனில், கார் தரிப்பிடத்தில், நேரத்தோடு போய்விட்டோம் என்று காருக்குள்ளேயே இருந்தோம். வீட்டிலிருந்தே உங்களுக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கதைத்தீர்கள்.

“அந்தக் காற்சட்டை நனையிற பக்கம் நான் எழுதினதில்லை, சுபா” என்றீர்கள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நீங்கள் ஆறுதலாகச் சொன்னீர்கள். ஒரு வருடமும் சொச்சமும்தான் அதை எழுதினீர்கள். ஒருநாள் நீல் பள்ளிக்கூடத்தால் வந்து, இனி எழுத வேண்டாம் அப்பா என்று கேட்டிருக்கிறார். அடுத்த நாளே பத்திரிகை ஆசிரியரிடம் போய் நிறுத்தச் சொன்னீர்கள். அவர் சிரித்தாராம். பிடித்த கதைக்கு வாக்குப் போட்டுப் பிள்ளைகள் வெட்டி அனுப்பும் துண்டுகளில் அதுதான் முதலாவதாக வந்துகொண்டிருந்ததாம். “உனக்கு விருப்பமில்லையெண்டால் எழுத வேறை ஆள் இருக்கு” என்று, அதைப் பறித்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு உங்களைப் புதிர்ப் பக்கத்தில் போட்டார்கள். புதிர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு, உங்கள் மகனை வேறொருவர் கிழமைக்குக் கிழமை அவமானப்படுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“என்ரை கதையிலை பயந்தவன்தான் கடைசிப் படக்கட்டத்திலை சிரிப்பான்” என்றீர்கள். “வீரன்மார் எல்லாரும் அம்பிடுவினம், இவன் தப்புவான். பயம் அவனுக்கு மூளை மாதிரி. அதுதான் அந்தக் கதை. பிறகு வந்தவன் அவனைப் பார்த்து மற்றவையைச் சிரிக்க வைச்சான்.”

ஏன் இதை நீலிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தியே விட்டேன் என்று நினைக்கிறேன்.

“தொடங்கினது நான்” என்றீர்கள். “கேக்காமல் பிள்ளையை எடுத்துப் பேப்பரிலை போட்டது நான். பிறகு ஆர் எழுதினா என்ன? இப்ப போய் அது நானில்லை, அவன் எண்டு சொன்னால், மற்றவன்ரை தலையிலை பழியைப் போட்டுட்டுத் தப்பின மாதிரி. நீயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு.”

நான் சத்தியம் பண்ணினேன், மாமா. கார் ஸ்டியரிங்கில் கை வைத்துப் பண்ணினேன். பிறகு உள்ளே போனோம், தாதியார் உங்கள் பெயரைக் கூப்பிட்டா.

ஏன் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்? மாமா சொல்லைத் தட்டக் கூடாது என்று வளர்ந்தவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் “பேர்னாட் எண்டு கூப்பிடு” என்று எத்தனை தரம் சொன்னீர்கள்! அது மட்டும் என் வாய்க்கு வரவில்லை. மாமா என்றுதான் வந்தது. அப்படிக் கூப்பிட்ட பிறகு சொல்லைத் தட்டுவது எப்படி? உங்களுக்கு வேறொரு நாட்டு மருமகள் வாய்த்திருந்தால் அன்று பின்னேரமே போய்ப் புருஷனிடம் சொல்லியிருப்பாள். எல்லாரும் இரண்டு நாள் அழுதிருப்பீர்கள், மூன்றாம் நாள் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்திருப்பீர்கள்.

ஆனால் அது மட்டும் காரணமில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. எனக்கு அது பெருமையாக இருந்தது. பெற்ற மகனிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார் என்று. நீல் உங்களோடு முகம் கொடுக்காமல் பால் போத்தலை வைத்துவிட்டுத் திரும்பும்போது, எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். இரண்டு வருடம். எத்தனை பின்னேரம் இருந்தது சொல்வதற்கு. உங்கள் உயிர் போகும் வரை அதை வைத்திருந்துவிட்டேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. உங்கள் பழியை நீங்கள் சுமந்தது உங்கள் விருப்பம். நீலுக்கு ஒரு தகப்பன் இருந்ததை அவரிடமிருந்து மறைக்க உங்களுக்கு என்ன உரிமை? நல்ல மனிதர் என்று பெயர் வாங்கவும் இல்லை, கெட்ட மனிதர் என்ற பெயரைக் கழுவவும் இல்லை. அப்படி என்ன வீம்பு?

சனிக்கிழமை சத்தியத்தை மீறினேன்.

நீல் உங்கள் அறையை ஒதுக்கத் தொடங்கியிருந்தார். உடுப்பு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் பை. கட்டிலுக்குக் கீழே, நீங்கள் எழுதியவற்றைச் சேர்த்து வைத்து எனக்கு மட்டும் காட்டியிருந்த பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த பத்திரிகையின் முன்பக்கத்தைப் பார்த்தார். மூடினார். தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் குசினி யன்னலால் பார்த்தேன், மஞ்சள் மூடிப் பின்னைத் திறக்கிறார். காகிதம் போடுகிற பின். எப்படி ஓடினேனோ தெரியாது, காலில் செருப்பும் இல்லை. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“கையை எடும், சுபா.”

“அதுக்குள்ளை இருக்கிறது எல்லாம் மாமா எழுதினது. அவர் எழுதினது மட்டும்தான் அதுக்குள்ளை இருக்கு. மற்றது அவர் எழுதேல்லை. குளத்துப் பலகைப் பக்கம் அவர் எழுதேல்லை, நீல்.”

முழுவதையும் அங்கேயே சொன்னேன். ஆசிரியர், துண்டுகள், புதிர்ப் பக்கம் எல்லாம். அவர் நம்பவில்லை. செத்த தகப்பனை நல்லவராக்கப் பார்க்கிறாய் என்றார். நான் பெட்டியைக் காட்டி, “வாசிச்சுப் பாருங்கோ. கடைசிக் கட்டத்தை மட்டும் பாருங்கோ” என்றேன்.

அவர் இந்தக் கதையை ஒரு தரமும் முழுக்க வாசித்ததில்லை, தெரியுமா? மேசையில் ஒட்டிய அந்த ஒரு பக்கமும் மற்றப் பிள்ளைகள் கத்திய கத்தலும்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வரும் பத்திரிகையைத் தொடவே மாட்டாராம். காராஜ் வாசற்படியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசிக் கட்டம், மூடி வை. கடைசிக் கட்டம், மூடி வை. நாய்க்குப் பயந்து பையன் வேறு தெருவால் போகிறான், மற்றவர்கள் நேரே போய் ஈரச் சீமெந்துக்குள் கால் புதைந்து நிற்கிறார்கள். பல் வைத்தியருக்குப் பயந்து ஒளிக்கிறான், அங்கே போனவர்களுக்கு நாள் முழுக்க வாய் மூட முடியவில்லை. பிறகு நீச்சல் குளம். வகுப்பு முழுக்கப் பாய்கிறது. இவன் மட்டும் துவாயைப் போர்த்திக்கொண்டு கரையில் நிற்கிறான். கடைசிக் கட்டத்தில் எல்லாரும் கழுத்து வரை பச்சையாக வெளியே வருகிறார்கள், குளத்துக்குள் யாரோ சாயம் கொட்டியிருக்கிறார்கள். இவன் கரையில் நின்று சிரிக்கிறான்.

நீல் அந்தப் பக்கத்தை மட்டும் மூடவில்லை. கனநேரம் பார்த்தார். “எனக்கு அப்ப தண்ணிக்குள்ளை இறங்க ஏலாமல் இருந்தது” என்றார். “வாத்தியார் என்னை மட்டும் கரையிலை நிக்கவைச்சவர். அதை அப்பாட்டைச் சொன்னனான். அந்தக் கிழமையே சொன்னனான்.”

நான் அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன்.

“எனக்காகவோ எழுதினவர்?”

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ல? நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் இருபத்திரண்டு நாள் பிந்திவிட்டீர்கள். இல்லை, நான் பிந்திவிட்டேன்.

பெட்டியை மூடிவிட்டு எழும்பினார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்து, “உமக்கு எப்பதொட்டுத் தெரியும்?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். கடிதம் ஒன்று கிடைத்தது, நேற்றுத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். “ரெண்டு வருசமா” என்றேன்.

“ரெண்டு வருசம்” என்றார். “ரெண்டு வருசம் அந்தாள் இருபதடி தூரத்திலை இருந்தது.”

பெட்டியைப் பின்னுக்குள் போடவில்லை, வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கையறை அலுமாரியில் வைத்தார். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. கதைக்கிறார், அப்படியும் சொல்ல முடியாது. “பால் முடிஞ்சுது.” “மீராவை நான் ஏத்துறன்.” உங்களோடு கதைத்த மாதிரியே. அதே குரல், மாமா. ஆறு வருடம் அதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நேரே வாங்கும்போதுதான் தெரிகிறது அது எவ்வளவு குளிர் என்று. தாங்கிக்கொண்டு அவருக்கு ‘தாங் யூ’ சொன்னீர்களே ஒவ்வொரு நாளும்!

அம்மாவுக்கு ஏதோ மணந்துவிட்டது. “ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?” என்று கேட்டா. செத்த வீட்டுக் களைப்பு என்றேன். நேற்றுப் பின்னேரம் மீரா வந்து கதவில் சாய்ந்துகொண்டு, “டாட் செட் யூ கான் புட் த கொமிக்ஸ் இன்” என்றாள். போடலாமாம். நேரே வந்து சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மீரா போகாமல் நின்று, “இஸ் ஹீ மாட் அட் யூ, ஓர் அட் கிராண்டாட்?” என்று, அவருக்குக் கோபம் என்னிலா தாத்தாவிலா என்று கேட்டாள். “என்னிலை” என்றேன். “குட்” என்றாள். அப்படி ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மலரில் உங்கள் தொழில் சித்திரக்கதை எழுத்தாளர் என்றுதான் வரும். குகன் அண்ணையிடம் சொன்னேன். “அட, எழுத்தாளரே! முதலே சொல்லியிருக்கலாமே, பின்னட்டையிலை புத்தகங்களின்ரை பேரைப் போடுவம்” என்றார். அவர் பெயரில் ஒரு புத்தகமும் இல்லை அண்ணை என்றேன். “அப்ப என்னண்டு எழுத்தாளர்?” என்றார். இரண்டு பக்கத்தில் வாழ்க்கை வரலாறு எழுத எனக்கு வரவில்லை, கடிதமாக எழுதித் தருகிறேன், அதையே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் புதன்.

இதில்தான் ஒரு சிக்கல். இது தமிழில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வருகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபடியே இதை வாசித்துவிடுவார்கள். வாசித்துவிட்டு நீலின் கையைப் பிடித்து ஏதாவது சொல்வார்கள். உங்கள் மகனுக்கு மட்டும் இதில் ஓர் எழுத்தும் தெரியாது. அவரைப் பற்றி ஊரெல்லாம் வாசித்த ஒன்றை அவர் மட்டும் வாசிக்காமல் இருப்பது இன்னொரு தரம் நடக்கக் கூடாது. எட்டு வயதில் ஒரு தரம் நடந்தது போதும்.

இன்று ஆறு மணிக்கு வேலையால் வருவார். அம்மாவையும் மீராவையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லப் போகிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதிய இடத்தையும் விடாமல் சொல்வேன். ஒரு வரியாவது போட வேண்டாம் என்றால் அந்த வரி போகாது. எழும்பிப் போனால், போகட்டும். நாளைக்குக் கேட்கச் சொல்வேன், நாளையின்றைக்கும் சொல்வேன். பால் முடிந்தது என்று அவர் சொன்னால், பாலைப் பற்றி மட்டும் பதில் சொல்லிவிட்டு விடமாட்டேன். நாற்பது வருடம் நீங்கள் இருந்த மாதிரி வாயை மூடிக்கொண்டு நல்லவளாக இருக்க எனக்கு ஏலாது, மாமா. மன்னிப்பாரோ இல்லையோ, என்னோடு சத்தம் போடும் வரைக்காவது அவரோடு பேசிக்கொண்டே இருப்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. இதை மீற மாட்டேன்.

கார் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. மூன்று கிழமைக்குப் பிறகு இப்போதுதான் ஏதோ ஒன்று எனக்குத் தெரிகிறது, அது பயம்.

உங்களுக்குச் செய்த சத்தியத்தை மீறியவளும்,
இன்னமும் உங்களை மாமா என்றே கூப்பிடுகிறவளுமான,
உங்கள் மருமகள்
சுபா